கைவிட்ட தடமும் கைமாறிய நிலமும்

சிங்கப்பூரிலே, புக்கிட் தீமா வீதிக்கு மேலே, ஓர் இரும்புப் பாலம் நிற்கின்றது. அதன் கீழே மோட்டார் வண்டிகள் இரவும் பகலும் ஓய்வின்றி ஓடுகின்றன. மேலேயோ காலாற நடப்பவர்களும், மிதிவண்டி தள்ளிச் செல்பவர்களும், நின்று படம் பிடித்துக்கொள்பவர்களுமே காணப்படுகின்றனர். 1932ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரை, எழுபத்தொன்பது ஆண்டுகள், அப்பாலத்தின்மீது நமது மலாயாவின் ரயில் ஓடிற்று. இன்று வண்டி இல்லை, புகை இல்லை, ஊதல் இல்லை, பாலம் மட்டும் உண்டு.

விடுமுறை நாளொன்றில் நாமும் நண்பர் ஒருவரும் கெலாங் பாத்தாவிலிருந்து புறப்பட்டு, 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தைக் கடந்து, அவ்விடம் போய்ச் சேர்ந்தோம். நண்பருடைய பாட்டனார் அத்தடத்திலே சல்லி கொட்டியவர். சிலிப்பர் கட்டை சுமந்தவர். நண்பர் பாலத்தின் இரும்பைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு, இரு புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டு கிடந்த பச்சை நிலத்தை நோக்கி, "இவ்வளவு நிலமும் இப்போது யாருடையது?" என்று கேட்டார்.

நம்மிடம் உடனே விடை இல்லை. ஆங்கிலப் பள்ளியிலே பயின்ற நமக்கு, ஸ்டீபன்ஸன் இயந்திரம் செய்த வரலாறு மனப்பாடம். நம் பாட்டன்மார் மண் சுமந்து உயர்த்திய தடத்தின் வரலாற்றை எந்த ஆசிரியரும் நமக்குக் கூறியதில்லை; நாமும் கேட்டதில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு முதற்காரணம். நண்பரின் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, அது ரயிலைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் நம்மவர் அனைவரையும் பற்றிய கேள்வி என்பது விளங்கிற்று. அதுவே இரண்டாம் காரணம்.

தரையிலிருந்து எழுந்த தடம்

சிங்கப்பூரின் முதல் ரயில் 1903ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று டாங்க் ரோட் நிலையத்திலிருந்து புக்கிட் தீமாவுக்கு ஓடிற்று. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் தடம் உட்லண்ட்ஸ் வரை நீண்டது. அங்கே இறங்கிப் படகேறினால் அக்கரை ஜோகூர் பாரு. 1909இல் ஜோகூர் அரசின் தடம் முடிவுற்றபோது, வடக்கே பிறை தொடங்கித் தெற்கே ஜோகூர் பாரு வரை ரயில் தொடர்பு உண்டாயிற்று. 1919இல் தொடங்கிய கடற்பாலம் 1923இல் ரயிலைத் தாங்கிற்று. 1924 ஜூன் 28ஆம் நாள் முறையாகத் திறக்கப்பட்டது. அதன் பின்னர், பிறையில் ஏற்றிய சரக்கு படகு மாறாமல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது.

ஆனால், நாட்டுப்புறத்திலே நலமாக ஓடும் ரயில், நகரத்துக்குள் நுழைந்தவுடன் தொல்லையாகிவிடுகின்றது. வீதியும் தடமும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் இடத்தில் கதவு போட வேண்டும். ரயில் வரும்போதெல்லாம் கதவை மூட வேண்டும். மூடிய கதவின் முன்னே மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவும் மோட்டாரும் வரிசையாய் நிற்க வேண்டும். நகரம் பெருகப் பெருக வண்டிகள் பெருகின. வண்டிகள் பெருகப் பெருகக் கதவடியில் நிற்கும் நேரமும் பெருகிற்று. பழைய தடம் நகரத்தின் நெஞ்சில் குறுக்கே கிடந்தது.

இதற்கு மாற்று யாது? ரயிலை வீதிக்குக் கீழே குடைந்து விடலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டும். வீதிக்கு மேலே உயர்த்திவிடலாம். உயர்த்துவதாயினும் ஒரு சங்கடம் உண்டு. மாடும் மனிதனும் ஏறும் மேட்டில் ரயில் ஏறாது. மிகச் சிறிது சிறிதாகவே அது உயரும், அங்ஙனமே தாழும். ஆகையால் ஒரு வீதியைத் தாண்டுவதற்கு, இருமருங்கிலும் நெடுந்தூரம் மண் கொட்டிக் கரை உயர்த்த வேண்டும். அக்கரை இடையறாத ஒரே துண்டு நிலமாக இருத்தல் வேண்டும். நடுவில் ஒருவன் வீடு நின்றாலும் தடம் இல்லை. இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ளல் நலம். பின்னர் நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் இதுவே மூலம்.

1932இல் அம்மாற்றம் நிறைவேறிற்று. புக்கிட் தீமாவுக்குத் தெற்கே பழைய தடத்தைக் கைவிட்டு, மேற்குப் புறமாகப் புதிய தடம் போட்டனர். புக்கிட் தீமாவிலே இரண்டு பெரிய இரும்புப் பாலங்கள் வீதிகளின்மேல் எழுந்தன. மண் கரைகள் உயர்ந்தன. தெற்குக் கோடியில் தஞ்சோங் பகார் நிலையம் எழுந்தது. 1932 மே மாதம் 2ஆம் நாள் கவர்னர் ஸர் ஸெஸில் கிளெமெண்டி அதனைத் திறந்து வைத்தார். டாங்க் ரோட் நிலையத்தின் காலம் முடிந்தது. பழைய தடம் பெயர்த்தெடுக்கப்பட்டது. அது கிடந்த இடத்தை வீதிகளும் கட்டடங்களும் விழுங்கிவிட்டன. சிங்கப்பூர் நகரம் ரயில் நிலத்தை உண்டு வளர்ந்த முதல் முறை அதுவே, கடைசி முறையன்று.

தஞ்சோங் பகார் நிலையத்தின் முகப்பில் நான்கு பெரிய பளிங்குருவங்கள் நிற்கின்றன. அவை விவசாயம், வாணிபம், போக்குவரத்து, தொழில் என்பவற்றைக் குறிப்பன. உள்ளே சுவர்களில் மலாயாவின் செல்வத்தைக் காட்டும் பெரிய சித்திரங்கள் உள்ளன. பால்மரம் வெட்டும் காட்சியும் அவற்றுள் உண்டு. சுவரில் ஏறிய தொழிலாளி பத்திரத்தில் ஏறினானா? அதைத்தான் அடுத்துப் பார்க்கவேண்டும்.

பத்திரத்தின் கதை

1918ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது. அதன் பெயர் சிங்கப்பூர் ரயில்வே மாற்றச் சட்டம். நீரிணைக் குடியேற்ற அரசாங்கத்துக்கு உரியதாயிருந்த சிங்கப்பூர் ரயிலும் அதன் நிலமும், அச்சட்டத்தினால் மலாய் ஐக்கிய நாடுகளின் அரசாங்கத்துக்கு மாற்றப்பட்டன. நிலங்களிற் பல 999 ஆண்டுக் குத்தகையாக வழங்கப்பட்டன. 1918உடன் 999ஐக் கூட்டினால் 2917 ஆகும். எழுதிய அதிகாரிகளின் பேரன்மாரும் மாண்டு, அவர்தம் பேரன்மாரும் மாண்ட பின்னரும், அந்நிலம் ரயிலுக்கே என்பது பொருள்.

அன்று இரண்டு அரசாங்கங்களும் ஒரே வெள்ளையர் ஆட்சியின் இரு கைகள். வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றியதில் எவருக்கும் கவலை இல்லை. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோதுதான் அப்பத்திரத்தின் கனம் தெரிந்தது. ஒரு நாட்டின் நடுவே, வடக்கு முனையிலிருந்து துறைமுகத்தின் வாயில் வரை, மற்றொரு நாட்டின் ரயில் நிலம் நாடா விரித்தாற்போலக் கிடந்தது. இருமருங்கும் அடுக்குமாடிகள் எழுந்தன, தொழிற்சாலைகள் எழுந்தன, நாடாவின்மேல் மட்டும் எவரும் ஒரு செங்கல் வைக்க இயலவில்லை. அதனால் அங்கே மரம் வளர்ந்தது, கொடி படர்ந்தது, பறவை தங்கிற்று. நகரத்தின் நடுவே காடு பிழைத்திருந்ததற்குக் காரணம் மரங்களின்பால் எவரும் கொண்ட அன்பன்று. ஒரு பழைய பத்திரத்தின் வலிமையே.

1990ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் ஸைனுத்தீனும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். லீ அவர்கள் பிரதமர் பதவியை விட்டிறங்கியது அதற்கு மறுநாள். ரயில் நிலையத்தைத் தஞ்சோங் பகாரிலிருந்து பெயர்ப்பது. பெயர்த்தபின் குறிப்பிட்ட நிலங்களை இரு நாடுகளும் கூட்டாகக் கட்டி வளர்ப்பது. மலேசியாவுக்கு நூற்றுக்கு அறுபது, சிங்கப்பூருக்கு நாற்பது என்பது அதன் சாரம். ஆனால் உடன்படிக்கையின் சொற்களுக்கு இரு சாராரும் இருவேறு பொருள் கண்டனர். எப்போது பெயர்வது என்பதில் இருபதாண்டுகள் கழிந்தன. அந்த இருபதாண்டும் ரயில் ஓடிக்கொண்டே இருந்தது.

2010ஆம் ஆண்டு மே மாதம், பிரதமர் நஜீப்பும் பிரதமர் லீ சியன் லூங்கும் முடிச்சை அவிழ்த்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் நிலமாற்றம் உறுதியாயிற்று. ரயில் நிலத்துக்கு ஈடாக மரீனா சவுத் என்ற இடத்தில் நான்கு மனைகளும், ஓபிர்-ரோச்சோர் பகுதியில் இரண்டு மனைகளும் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டன. அதிலும் பங்கு அறுபதும் நாற்பதுமே. 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. அதனை ஓட்டியவர் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்களே. கடற்பாலம் திறந்த காலத்தில் ஜோகூரை ஆண்டவர் அவருடைய கொள்ளுப்பாட்டனார். மறுநாள் முதல் ரயில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியோடு நின்றது.

2917 வரை என்று எழுதிய ஏடு, தொண்ணூற்று மூன்றாம் ஆண்டிலேயே மடிந்தது. இதனால் எவரும் நட்டமடைந்ததாகக் கூற முடியாது. பத்திரம் உடையவர்கள் பேசினார்கள், பேரம் முடித்தார்கள், மனைக்கு மனை பெற்றார்கள். மேம்பாட்டுக் கட்டணம் யார் செலுத்துவது என்ற ஒரு சில்லறை வழக்கையும் அனைத்துலக நடுவர் மன்றத்துக்கு எடுத்துச் சென்று, 2014இல் முடிவு கண்டார்கள். கூட்டு நிறுவனத்தின் கட்டடங்கள் வானளாவ எழுந்தன.

தடத்திலே வாழ்ந்தவர்கள்

நிற்க. அத்தடத்தில் வேறொரு கூட்டமும் இருந்தது. மலாயா ரயிலின் வேலையில் தமிழர் கை படாத மைல் மிகக் குறைவு. காடு வெட்டியதிலும், மண் சுமந்ததிலும், தடத்தை அன்றாடம் சரிபார்த்ததிலும் தென்னாட்டுத் தமிழ்க் கூலிகள் பெருந்தொகையினராய் இருந்தனர். நிலைய அதிபராகவும் கணக்கராகவும் யாழ்ப்பாணத்தார் பலர் இருந்தனர். இரு சாராரும் ஒரே மொழி பேசினும், ஒரு சாரார் நாற்காலியிலும் மறு சாரார் தடத்திலும் இருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. குவீன்ஸ்டவுனில் இன்று பெரிய கட்டடமாய் விளங்கும் முனீஸ்வரன் கோயில், ரயில் தொழிலாளர் தடத்தருகே போட்ட குடிசையாகத் தொடங்கியதே. அவர்கள் அங்கு இருந்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

தடத்தின் ஓரத்திலே ரயில் ஊழியருக்கு வீடுகள் இருந்தன. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். 2011இல் தடம் மூடப்பட்டபோது அக்குடும்பங்கள் மூட்டை கட்டின. அவர்களை எவரும் அடித்து விரட்டவில்லை; சட்டப்படி எல்லாம் நடந்தது. ஆனால் அவர்களிடம் எவரும் பேரம் பேசவுமில்லை. பேசுவதற்கு அவர்கள் கையில் என்ன இருந்தது? பாட்டன் சுமந்த மண் இருந்தது, பத்திரம் இல்லை.

இதற்கு எதிரான ஒரு காட்சியையும் அருகிலேயே காணலாம். அதே தடத்தின் ஓரத்தில் தங்ளின் ஹால்ட் என்றொரு குடியிருப்பு. அங்கே ரயில் நின்று சென்றதனாலேயே அவ்வூருக்கு அப்பெயர். சிங்கப்பூரின் பழைய அடுக்குமாடிகளில் சில அங்கே இருந்தன. 2014இல் அப்பகுதியில் 31 கட்டடங்களை இடித்துப் புதுப்பிக்க அரசாங்கம் முடிவு செய்தது. அங்கும் கண்ணீர் உண்டு. ஐம்பதாண்டு அண்டை அயலாரைப் பிரியும் வருத்தம் உண்டு. ஆனால் வீட்டுக்குரியவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. அருகிலேயே 99 ஆண்டுக் குத்தகையுடன் புது வீடு வாங்கும் உரிமை கிடைத்தது. ஏன்? அவர்கள் குடியிருந்த வீடு அவர்கள் பெயரில் இருந்தது.

ஒரே தடத்தின் ஓரத்தில் இரு வகைக் குடும்பங்கள். ஒன்றின் கையில் பத்திரம். மற்றொன்றின் கையில் வேலைச் சீட்டு. நகரம் புதுப்பிக்கப்படும் நாளில் முன்னதற்கு மாற்று வீடு. பின்னதற்கு வெறும் வழியனுப்பு.

பாரிஸும் நியூயார்க்கும்

கைவிட்ட தடத்தை என்ன செய்வது என்பது உலகம் முழுவதும் எழுந்த கேள்வி. பாரிஸ் நகரில் 1859இல் திறந்த ரயில் ஒன்று, செங்கல் வளைவுகளின்மேல் உயரமாகச் சென்று பாஸ்தீல் சதுக்கத்தை அடைந்தது. 1969இல் அது நின்றது. நிலையத்தை இடித்த இடத்தில் இசை நாடக மாளிகை எழுந்தது. உயர்ந்த தடத்தின்மேல் நடைபாதைப் பூங்கா அமைத்தனர். கீழே வளைவுகளுக்குள் கைவினைஞருக்குக் கடைகள் வைத்துக் கொடுத்தனர். மேலே நடப்போர் காற்று வாங்கினர். கீழே தச்சரும் தையற்காரரும் தொழில் செய்தனர்.

நியூயார்க்கின் கதை இன்னும் விரிவானது. அங்கே சரக்கு ரயில் ஒரு காலத்தில் வீதியின் நடுவிலேயே ஓடிற்று. பலர் அதில் அடிபட்டு மாண்டமையால், அவ்வீதிக்கு மரண வீதி என்றே பெயர் வழங்கிற்று. குதிரைமேல் ஒருவன் கொடியைப் பிடித்துக்கொண்டு ரயிலுக்கு முன்னே ஓடி மக்களை விலக்குவான். பிறகு தடத்தை வீதிக்கு மேலே தூக்கினர். 1934இல் அது திறக்கப்பட்டது. லாரிகள் பெருகியபின் ரயிலுக்குச் சரக்கு குறைந்தது. 1980இல் கடைசி வண்டி ஓடிற்று. இருபதாண்டுகள் அது துருப்பிடித்து நின்றது. இடித்துத் தள்ளுங்கள் என்றனர் நிலக்காரர் பலர். 1999இல் அப்பகுதி மக்கள் இருவர் சங்கம் கூட்டி, இடிக்காதீர் என்றனர். 2009இல் அது உயர்ந்த பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஹைலைன் என்று அதற்குப் பெயர்.

உலகமே வியந்தது. பல நகரங்களும் அதுபோல் ஒன்று வேண்டும் என்றன. ஆனால் விளைவு யாது? 2005இலேயே நகராட்சி அப்பகுதியின் கட்டட விதிகளை மாற்றி வைத்திருந்தது. பூங்கா வந்ததும் அதன் இருமருங்கும் செல்வர் மாளிகைகள் முளைத்தன. வாடகை ஏறிற்று; சிறு கடைக்காரர் வெளியேறினர். அரசாங்க வாடகை வீடுகளில் இருந்த ஏழைகள் மட்டும், வாடகை உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருந்தமையால் தங்கினர். அவர்களிலும் பூங்காவுக்குச் சென்றவர் சிலரே. சங்கம் கண்ட இருவருள் ஒருவராகிய ராபர்ட் ஹாம்மண்ட் என்பவரே, தாம் அக்கம்பக்கத்து மக்களுக்காகத் தொடங்கிய வேலை அம்மக்களுக்கு உதவாமற் போயிற்று என்று பின்னாளில் மனம் வருந்தி ஒப்புக்கொண்டார். அவருடைய நேர்மையைப் பாராட்டுகிறோம்.

சிங்கப்பூரில் இதுவரை நடந்தது நடுத்தரமானது. 2010இல் இயற்கைச் சங்கத்தார், தடத்தைத் துண்டாக்காமல் பசும்பாதையாகக் காக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதினர். அரசாங்கம் செவி சாய்த்தது. தண்டவாளம் பெரும்பாலும் பெயர்க்கப்பட்டது, பாலங்கள் நின்றன. 24 கிலோமீட்டர் நீளமும் மக்கள் நடக்கும் பாதையாயிற்று. அதன் அடியில் ஒரு பகுதியில் குடிநீர்ப் பெருங்குழாய் புதைக்கப்பட்டது. புக்கிட் தீமா பழைய நிலையம் பழுது பார்க்கப்பட்டு 2022இல் திறக்கப்பட்டது. தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. ஏழையும் செல்வரும் காசின்றி நடக்கலாம். நன்று. ஆயினும், பாதையோரத்து மனைகளின் விலை என்னாகும், அங்கு யார் குடியேறுவர் என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. நியூயார்க்கின் பாடம் அங்கே நினைவிருத்தல் வேண்டும்.

கெலாங் பாத்தாவுக்கு வருவோம்

இதையெல்லாம் கெலாங் பாத்தாவில் இருந்துகொண்டு நாம் ஏன் எழுத வேண்டும்? காரணம் உண்டு. நம் ஊரின் பெயருக்கு மலாய் மொழியில் உடைந்த வளையல் என்று பொருள். இரு துண்டுகளையும் பொருத்த வருவதாகச் சொல்லும் திட்டங்களுக்கு இங்கே குறைவில்லை. 2006இல் இஸ்கந்தர் வட்டாரம் பிறந்தது. பால்மரமும் செம்பனையும் நின்ற மேடுகளில் மனைப் பலகைகள் நட்டனர். 2013இல் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் அதிவேக ரயில் என்றார்கள்; 2016 டிசம்பரில் இரு நாடுகளும் கையொப்பமிட்டன. ஜோகூரின் எல்லை நிலையம் நம் பக்கத்திலேயே, இரண்டாம் பாலத்துக்கு அருகில் வரும் என்றார்கள். 2021 ஜனவரி முதல் நாள், அத்திட்டம் முடிவுற்றதாக அறிவித்தார்கள். மலேசியா 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி ஈடாகச் செலுத்திற்று. சிங்கப்பூரில் ஓடி நின்ற ரயில் உண்டு. நம் ஊரில் ஓடாமலே நின்ற ரயில் உண்டு.

ஓடாத ரயிலும் நிலத்தை ஆட்டிவைக்கும் என்பதை இங்குள்ளோர் கண்டனர். நிலையம் வரும் என்ற சொல்லே விலையை ஏற்றிற்று. நிலையம் இல்லை என்ற சொல் வந்தபோது, விலை பேசியவர்கள் வேறு இடம் பார்த்தனர். ஆனால் இடையில் விற்ற தோட்டம் விற்றதுதான்; வெட்டிய மரம் வெட்டியதுதான். லயத்திலிருந்து போன குடும்பம் திரும்பி வருவதில்லை.

இங்கே நம் குற்றம் ஒன்றையும் கூறுதல் கடமை. சில ஆண்டுகளுக்கு முன், நாம் கிராணியாய் இருந்த தோட்டமொன்றில் ஒரு பகுதி விலைக்குப் போயிற்று. நிலத்தின் அளவு, மரத்தின் வயது, கொட்டகை, கிணறு என்று பட்டியல் எழுதும் வேலை நமக்கு வந்தது. மேலிடத்திலிருந்து வந்த மாதிரித் தாளில், லயங்களுக்கு எதிரே, "காலியாக ஒப்படைக்கப்படும்" என்று ஒரு வரி இருந்தது. அவ்வரியை நாம் அப்படியே அடித்தோம். அன்று அந்த லயங்களில் பதினான்கு குடும்பங்கள் இருந்தன. மாலையில் முதியவர் ஒருவர் அலுவலக வாயிலில் வந்து நின்றார். "ஐயா, எங்கள் லயத்தைக் காலி என்று எழுதிவிட்டீர்களாமே? அப்படியானால் உள்ளே இருக்கிற நாங்கள் யார்?" என்றார். ஆங்கிலப் பள்ளியில் கற்ற எந்தச் சொல்லும் அப்போது நமக்கு உதவவில்லை.

அவர் நாற்பதாண்டு பால்வெட்டியவர். லயம் அவர் வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் லயமும் முடிந்தது. தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்த தரமுள்ள வீடு தரவேண்டும் என்று 1990இல் சட்டம் வந்தது. வீடு எப்படியிருக்க வேண்டும் என்று அது கூறுகின்றது. வேலை நின்ற மறுநாள் அவ்வீடு யாருடையது என்பதற்கு அதில் அவருக்கு விடை இல்லை. தடத்தோரத்து ஊழியர் வீட்டுக்கும் தோட்டத்து லயத்துக்கும் வேறுபாடு யாது? இரண்டும் ஒரே கதை. ஒன்றில் தண்டவாளம் இருந்தது. மற்றொன்றில் பால்மரம் இருந்தது.

செய்யத்தக்கது

ஆகையால், மாற்றமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நகரம் வளரும், தடம் பெயரும், மரம் வீழும். பழைய லயத்தின் ஒழுகும் கூரைக்காக அழுவதும் அறிவாகாது. 1932இல் தடம் உயர்ந்ததனால் வீதி மக்களுக்கு நன்மை. 2011இல் தடம் நின்றதனால் நடப்போருக்கு நன்மை. அந்நன்மையில் மண் சுமந்தவனுக்கு என்ன பங்கு என்று எழுதிவைத்த ஏடு எது என்பதே நம் கேள்வி.

தோட்டத்துத் தோழர்களே! தோட்டம் விலைக்குப் போகும் என்ற பேச்சு எழும் நாளே பேச வேண்டிய நாள். விற்ற பிறகு கூடும் கூட்டத்தில் கண்ணீர்தான் மிஞ்சும். ஒவ்வொரு லயத்திலும் யார் இருக்கின்றனர், எத்தனை ஆண்டாக வேலை செய்தனர் என்பதை நீங்களே எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டையும் பழைய அடையாள அட்டையையும் தொலைத்துவிடாதீர்கள். வாய்ச்சொல்லால் வீடு தருகிறோம் என்றால், அன்புடன் வணங்கி, எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். தனியாகக் கேட்பவனுக்குச் சமாதானம் கிடைக்கும். சங்கமாகக் கேட்பவர்களுக்குப் பத்திரம் கிடைக்கலாம். பட்டணத்து நண்பர்களே! உங்களுள் வழக்கறிஞர் உளர், கணக்கர் உளர், ஆங்கிலமும் மலாயும் வாசிக்கத் தெரிந்தவர் உளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்து, ஒரு தாளை வாசித்துப் பொருள் சொன்னால், அதைவிடப் பெரிய தொண்டு இல்லை.

நண்பரின் கேள்விக்கு அன்று பாலத்தின்மேல் நாம் விடை சொல்லவில்லை. இன்று சொல்கிறோம்: நிலம், அதைக் குறித்த ஏட்டில் யார் பெயர் இருக்கின்றதோ அவருடையது. சுமந்தவர் பெயர் அதில் ஏறவில்லையெனில், அது எழுதுகோல் பிடித்தவர்களின் பிழையுமாகும். நாம் எழுதுகோல் பிடித்தவர். இனி ஒரு முறை பட்டியல் எழுதும் வேலை நமக்கு வருமாயின், லயங்களுக்கு எதிரேயுள்ள கட்டத்தில் "காலி" என்று எழுதமாட்டோம். குடியிருப்போர் பெயர்களை, ஒன்று விடாமல், வயதும் வேலைக்காலமும் குறித்து எழுதி அனுப்புவோம். மேலிடத்தார் அடித்துத் திருத்தினால் திருத்தட்டும். அடித்த கோட்டின் கீழும் பெயர் தெரியும்.